கல்மண்டபத்துச் சாவி

காப்பி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. பாலகோபால் அதைத் தொடவில்லை. தொடமாட்டான் என்று தெரிந்தும் வெங்கடலட்சுமி ஒவ்வொரு தடவையும் வைப்பாள்; கொழுந்தனும் ஒவ்வொரு தடவையும் தன் வீட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவள் பார்க்கவே குடிப்பான். அண்ணன் வீடு வேண்டுமாம், அண்ணி கைத் தண்ணீர் மட்டும் ஆகாதாம்!

அன்றைக்குக் கல்மண்டபம் கைமாறும் நாள். தாத்தா காலத்தில் ஊருக்காகக் கட்டியது. தூணும் கல், கூரையும் கல். ஊர்க் கல்யாணமெல்லாம் அங்கேதான் நடந்தது. அவிநாசி ரோட்டில் ஏசி மண்டபங்கள் வந்தபிறகு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. தூண்களுக்கு ஆசைப்பட்டுக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். பத்திரம் முடிந்தது, சாவி வாங்க வந்துகொண்டிருக்கிறார்.

அந்தச் சாவி வெங்கடலட்சுமியின் இடுப்பில் இருந்தது. மண்டபச் சாவி மூத்த மருமகளிடம்தான் இருக்க வேண்டும், அவள் கையால்தான் யாருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அந்த வீட்டு முறை.

"அண்ணா, சாவிய என்னோட சம்சாரம் குடுக்கட்டுமுங்க," என்றான் பாலகோபால். "மண்டபத்து அண்டாவ வித்துத் தின்ன கையால குடுத்தா, வாங்கறவருக்கு வெளங்குமா?"

அவள் கணவனைப் பார்த்தாள். சுந்தரராஜுலு பேப்பரைப் பார்த்தார்.

"ஏனுங்க... நீங்க ஒண்ணுஞ் சொல்லமாட்டீங்களா?"

"விடு லட்சுமி. இன்னைக்கு எதுக்கு வம்பு? குடுத்துரு."

விடு, விடு என்று எத்தனை விட்டாயிற்று! இனி சண்டைபோட அவளுக்குத் தெம்பில்லை. சாவியை அவிழ்த்து, ஆறிய காப்பிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மாமியார் இருந்த காலத்தில் மண்டபத்துப் பித்தளை அண்டாக்கள் காணாமல் போயின. 'பூட்ட மறந்துட்டனுங்க அத்தை, திருட்டுப் போயிருச்சு' என்று அவள்தான் சொன்னாள். யார் நம்புவார்கள்? பிறந்த வீட்டுக் கஷ்டத்துக்கு விற்றுவிட்டாள் என்று பாலகோபால் ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டுத் தனிக்குடித்தனம் போனான். அன்றிலிருந்து அவள் அவனுக்கு, வீட்டுத் தெலுங்கில் அண்ணியைக் கூப்பிடும் 'வதினா' இல்லை, வெறும் 'அவங்க'.

வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து பழனியாத்தாள் இறங்கினாள். ஒரு காலத்தில் இவர்கள் தோட்டத்தில் வேலை செய்தவள், காலனிக்காரி. பின்னாலேயே அவள் மகள் மெர்சி. வண்டி நிறைய, புளி போட்டுத் தேய்த்த பித்தளை அண்டாக்கள்!

வெங்கடலட்சுமி வாசலுக்கு ஓடினாள். "பழனியாத்தா... இப்ப எதுக்கு இதெல்லாம்?"

"நீங்க சும்மா இருங்கம்மணி." பழனியாத்தாள் சுந்தரராஜுலுவிடம் திரும்பினாள். "மெர்சி கல்யாணத்துக்கு உங்க மண்டபத்தக் கேட்டமுங்க. எங்க சனத்துக்கு இல்லைன்னு சொல்லிப்போட்டாங்க உங்கம்மா. அம்மணிதான் யாருக்குந் தெரியாம அண்டாவக் குடுத்துவிட்டாங்க. திருப்பிக் கொண்டாரதுக்குள்ள, அண்டா இல்லாதத உங்கம்மா பார்த்துப்போட்டாங்க. 'காலனிக்குப் போயிருந்தா ஒருத்தருக்கும் தோட்டத்துல வேலை கெடையாது'ன்னு போட்ட சத்தம் எங்க காதுக்கும் வந்துச்சுங்க. 'கொண்டாராதீங்க, நீங்களே வச்சுக்குங்க'ன்னு அம்மணி சொல்லிவிட்டாங்க. ஆனா பழிய இவங்க தலையில போட்டுக்கிட்டது எங்களுக்குத் தெரியாதுங்க; ஊர்க்கூட்டத்துப் பேச்சக் காலனியில யாரு வந்து சொல்றா? நேத்து மில்லுல, மண்டபம் விக்கற பேச்சுல, யாரோ இவங்களத் திருடின்னாங்களாம். மெர்சி அழுதுட்டே ஊட்டுக்கு வந்தா..."

பாலகோபால் எழுந்து போய் ஓர் அண்டாவின் விளிம்பைத் தடவினான். தாத்தாவின் பெயர் வெட்டியிருந்தது. கையை எடுக்கவே இல்லை.

"ஏன் லட்சுமி எங்கிட்டச் சொல்லல?" என்றார் சுந்தரராஜுலு.

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் அவள். "அத்தை கேட்டாங்க, உங்க தம்பி கேட்டாரு, ஊரே கேட்டுச்சு. நீங்க ஒரு நாள்... ஒரே ஒரு நாள், 'லட்சுமி, நீயா செஞ்சே'ன்னு கேட்டிருந்தா மறைச்சிருப்பனா? அத்தை போனதுக்கப்புறமாவது கேப்பீங்கன்னு பார்த்துட்டே இருந்தனுங்க..."

அவர் எழுந்தார். பேப்பர் மடியிலிருந்து நழுவியது.

அண்டாக்களை வாசலில் இறக்கியாயிற்று. "உங்க சாமானம் உங்ககிட்ட வந்துருச்சுங்க. அம்மணி பேரு அம்மணிகிட்ட வந்துருச்சு. நாங்க வாரமுங்க," என்றாள் பழனியாத்தாள்.

"உள்ள வந்து ஒரு வாய் காப்பி..."

"இன்னொரு நாளைக்கு வாரேன் கண்ணு." வெங்கடலட்சுமியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

பாலகோபால் சாவியை இரண்டு கையாலும் எடுத்துவந்து நீட்டினான். "வதினா... தப்புப் பண்ணிப்போட்டேன். நீங்கதான் குடுக்கோணும். எனக்கு... எனக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க வதினா..."

அந்தச் சாவியைப் பிடுங்கித் தூர எறியலாமா என்று அவளுக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் கால்கள் அடுப்படிக்குப் போய்விட்டன. சொம்பை வாங்கி, சட்டையெல்லாம் நனைய அவன் குடித்தான். குடித்துவிட்டு அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு குழந்தையைப் போல அழுதான். அவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த தலை அது. நரைத்திருந்தது. அவளும் அழுதாள்.

மண்டபத்துப் பக்கம் கார் ஹாரன் கேட்டது. வெங்கடலட்சுமி முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அண்ணனும் தம்பியும் பின்னால் வந்தார்கள். மண்டப வாசலில், தன் கையாலேயே சாவியைக் கொடுத்தாள். "நல்லா இருங்க," என்றாள்.

திரும்பி நடக்கும்போது இடுப்பு லேசாக இருந்தது. மண்டபத்தைத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. சுந்தரராஜுலு பக்கத்தில் வந்து, "லட்சுமி, என்ன வேணும் சொல்லு," என்றார்.

"தூக்கமா வருதுங்க," என்றாள். "இன்னைக்கு மத்தியானம் என்னை யாரும் எழுப்பாதீங்க."