ஏழாமவனுக்கு எள்ளும் தண்ணீரும்

பித்தளைச் செம்பில் மிச்சமிருந்த தண்ணீர் உறைந்திருந்தது. எழுபத்தைந்தாம் வருடப் புரட்டாசி, மகாளய அமாவாசை. டொரண்டோவில் வெயில் போக மனமில்லாமல் நின்றுகொண்டிருந்த வாரம். ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அப்படியும் ஏகாம்பரத்தின் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. மத்தியானம் தர்ப்பணம் முடித்து அடுப்பு மேடையில் வைத்த செம்பைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், விரற்கடை கனத்துக்குப் பனிக்கட்டி, அதற்குள் கறுப்பு கறுப்பாக எள்.

"ஃப்ரிட்ஜுல வெச்சு எடுத்தீங்களா?" என்று கேட்டாள் அவன் மனைவி அம்புஜம்.

"இல்லையே."

"பின்ன தானா உறைஞ்சுதாக்கும். எப்பப் பாரு அந்த ஏரோப்ளேன் ஞாபகம், கை என்ன செய்யுதுன்னே தெரியறதில்ல."

அவள் சொன்னது பொய்யில்லை. காஞ்சிபுரத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு மௌரியர் வரலாறு நடத்திக்கொண்டிருந்தவனுக்கு இந்த ஊரில் கிடைத்த வேலை, போன உலகப் போரில் ராத்திரி ராத்திரியாக ஜெர்மனிமேல் குண்டு போடக் கிளம்பித் திரும்பி வராத விமானங்களைத் தேடுவது. ஒரு தனியார் பதிப்பகத்தின் புத்தகத்துக்கான ஆராய்ச்சி. எந்த விமானம், கடைசியாக யார் பார்த்தது, எங்கே விழுந்தது, உள்ளே இருந்த ஏழு பேர் என்ன ஆனார்கள். இரண்டு இடத்தில் உறுதியாகாமல் யாரையும் செத்தவன் என்று எழுதக்கூடாது என்பது அலுவலகத்தில் முதல் பாடம். இன்னொருவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு அவனுக்கே அது மனப்பாடம்.

ஆனால் அந்த வாரம் அவன் கையில் இருந்த விமானம் வடகடலில் விழுந்தது. ஏழு பேருக்கும் கல்லறை இல்லை. எல்லாம் பத்தொன்பது இருபது வயசுப் பையன்கள், கல்யாணம் ஆகாதவர்கள். ஒருவரும் பிழைக்கவில்லை என்று ஒரு தகவல் வந்திருந்தது, இரண்டாவது வர நாளாகும். அமாவாசையோ காத்திருக்காது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் தெற்கே பார்த்து எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு எழுந்திருக்கப் போனவனுக்கு மனசு கேட்கவில்லை. நாதியற்றுப் போனவர்களுக்கும் ஒரு கை விடலாம் என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். உட்கார்ந்து, விமானி டாலனில் ஆரம்பித்து, வாலில் தனியாக உட்கார்ந்து துப்பாக்கி பிடித்த ரியர் கன்னர் ஹார்க்னெஸ் வரைக்கும், பேர் சொல்லி, கட்டைவிரல் வழியாகத் தண்ணீர் விட்டான். தாம்பாளத்தில் விழுந்ததைக் கொண்டுபோய்க் கட்டடத்துக்குப் பின்னால் இருந்த மேப்பிள் மரத்தடியில் ஊற்றினான். அன்றைக்குச் சாப்பாடு நிம்மதியாக இறங்கியது.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு வாசனை தங்கியது. முதலில் துணி அலமாரிக்குள், பிறகு குளியலறையில், பிறகு எழுந்தவுடன் அவன் தலையணையிலேயே, பெட்ரோலும் எண்ணெயும் ஈரமான கம்பளியும் கலந்து, வெகு நேரம் அடைத்துவைத்த டிரங்குப் பெட்டியைத் திறந்ததுபோல. சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்குச் சுவருக்குள் ஏதோ உறுமியது. காதுக்குக் கேட்காமல் பல்லுக்கு மட்டும் கேட்கிற உறுமல், அலமாரித் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து மெல்லக் கிணுகிணுக்கும், அவன் போய்க் கை வைத்தால் நின்றுவிடும். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக உறைபனி பூத்திருந்தது. பழைய கட்டடம் என்றாள் அம்புஜம். ஆமாம் என்றான். அவனுக்குப் பயமாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருந்தது.

கார்த்திகை பிறக்கும் சமயம் ஒருநாள் வீட்டுக்கே தொலைபேசி வந்தது. அந்த விமானத்தில் போனவர்களின் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் பேசும்படி அலுவலகம் அவன் வீட்டு எண்ணையும் சேர்த்துப் பத்திரிகையில் விளம்பரம் போட்டிருந்தது.

"ஏழு பேரும் இறந்துபோனதாகத் தெரிகிறது என்று போட்டிருக்கிறீர்களே," என்றது கரகரத்த குரல். "நான் ஹார்க்னெஸ். ஸ்கார்பரோவில்தான் இருக்கிறேன். மீன்பிடிப் படகுக்காரர்கள் என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்."

ஏகாம்பரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒன்று கேட்க வேண்டும் உங்களிடம். முப்பது வருஷமாக எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அக்டோபர் ஆரம்பத்திலிருந்து அவர்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். பொழுது சாய்ந்தால் போதும். ஏன்?"

விலாசத்தை மட்டும் குறித்துக்கொண்டு, தொலைபேசியை வைத்துவிட்டு அவன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்புஜம் பக்கத்தில் வந்தாள். எல்லாவற்றையும் சொன்னான்.

"உசுரோட இருக்கறவங்களுக்கா விட்டீங்க?" அவள் குரல் இறங்கிப்போனது. பிறகு அவனுக்காகச் சிரிக்கப் பார்த்தாள். "செத்துட்டாங்கன்னு தப்பாச் சொன்னா ஆயுசு கெட்டின்னுதான் எங்க பக்கம் சொல்லுவாங்க. ஒண்ணும் ஆகாதுங்க."

"சொல்றது வேற அம்புஜம். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டு, அவங்களோட சேத்து உக்கார வெச்சுட்டேன்."

ஊராக இருந்தால் சாஸ்திரிகளிடம் ஓடலாம், பரிகாரம் கேட்கலாம். இங்கே யாரிடம் போய் என்னவென்று கேட்பது? செய்தவன் அவன். அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆனால் கொலை செய்ததற்குச் சமம். மறுநாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறினான்.

ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது. சின்ன வீடு, முன்னறையில் ஒரே விளக்கு. ஹார்க்னெஸ் ஒல்லியாக, சுத்தமாகச் சவரம் செய்த முகத்தோடு, சாய்வு நாற்காலியை மூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம், மகள் வான்கூவரில். முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால் தன்னால் இருக்க முடியாது என்றார். வீட்டில் அந்த வாசனை கதவைத் திறந்ததுமே அடித்தது.

ஏகாம்பரம் தான் செய்ததைத் தட்டுத் தடுமாறிச் சொன்னான். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"எங்களுக்காகத் தண்ணீர் விட்டாயா? நல்ல காரியம்தான் தம்பி. நான் காணாமல் போயிருந்தபோது என் தாயார்கூட அழுது ஓய்ந்ததோடு விட்டுவிட்டாள்." அவர் தரையில் இருந்த இரும்புக் கம்பித் தடுப்பைப் பார்த்தார், கீழே நிலவறை அடுப்பிலிருந்து சூடான காற்று வரும் வழி அது. "அங்கிருந்துதான் பேசுகிறார்கள். மேலே பறக்கும்போது விமானி ஒவ்வொருவராக, அவரவர் வேலையின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். குளிரில், காற்றுக் குறைவில் யாராவது மயங்கியிருக்கலாம் அல்லவா? இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நான் இதுவரை சொல்லவில்லை."

"சொல்லாதீங்க," என்று தன்னை மறந்து தமிழில் சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னான். "சொல்லிவிட்டால் நீங்கள் அவர்களோடு போய்விடுவீர்கள்."

"சொல்லாவிட்டால் என்ன செய்வார்கள் தெரியுமா?" ஹார்க்னெஸ் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டார். "யாரையாவது அனுப்பிப் பார்ப்பார்கள்."

கம்பித் தடுப்பிலிருந்து வந்துகொண்டிருந்த சூடு நின்றது. அறையின் நாலு மூலையிலிருந்தும் குளிர் எழுந்து வந்து முழங்காலை, இடுப்பை, தொண்டையை நனைத்தது. விளக்கு பழுத்து மங்கியது. தரை, சுவர், நாற்காலி, அவன் கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒரே சீராக உறுமத் தொடங்கின. அந்த உறுமலுக்குள்ளே, டப்பாவுக்குள் பேசுவதுபோல, அவசரமில்லாத ஓர் இளம் குரல்.

"நேவிகேட்டர்?"

"இருக்கிறேன்."

"வயர்லெஸ்?"

"இருக்கிறேன்."

பையன்கள். அவனுடைய மாணவர்கள் வருகைப் பதிவுக்குச் சொல்வார்களே, அதே குரல்கள். ஒவ்வொன்றாக வந்தன. அழுகை வந்தது ஏகாம்பரத்துக்கு.

"ரியர் கன்னர்?"

ஹார்க்னெஸ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ரியர் கன்னர்? ஹார்க்னெஸ்?"

உறுமல் மட்டும். பிறகு அந்தக் குரல் யாரிடமோ சொன்னது: "போய் அவனைப் பார்த்துவிட்டு வா."

கீழே நிலவறையில் ஒரு காலடி. கனத்த பூட்ஸ். தண்ணீர் சொட்டும் பூட்ஸ். இன்னொன்று. நிலவறைப் படி முனகியது.

"அவன் மேலே வரக்கூடாது," ஹார்க்னெஸ் எழப் பார்த்தார், கண்கள் பிதுங்கின. "கடலில் அவன் முகத்தை நான் பார்த்தேன். என்னால் முடியாது. சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டால் நின்றுவிடுவான்…"

வாயைத் திறந்தார்.

ஏகாம்பரம் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினான். இரண்டு கையாலும். தலையைச் சுவரோடு அழுத்தினான். "வேணாம் ஐயா, வேணாம், கொஞ்ச நேரம், போயிடுவாங்க." அவர் திமிறினார். அவன் விடவில்லை. இந்த ஒரு உயிரை விட்டுவிடக் கூடாது. கண்ணை இறுக மூடிக்கொண்டான். படியில் காலடி. நிலவறைக் கதவுக்கு அந்தப் பக்கம் காலடி. கதவுக் கைப்பிடி திரும்பும் சத்தம்.

நின்றது.

உறுமலும் இல்லை. குரலும் இல்லை. படிகள் முனகாமல் கிடந்தன. எங்கோ தெருவில் ஒரு கார் போனது. வெளிச்சம் திரும்பியதை மூடிய இமைக்கு வெளியே உணர்ந்தான். போய்விட்டார்கள். காப்பாற்றிவிட்டான். அழுதுகொண்டே மூச்சு விட்டான்.

ஹார்க்னெஸ் திமிறவில்லை.

எப்போதிலிருந்து திமிறவில்லை?

கண்ணைத் திறந்தான். அவர் கண்கள் திறந்தே இருந்தன. அவனைப் பார்க்கவில்லை. அவன் விரல்கள் அவர் மூக்கையும் சேர்த்துப் பொத்தியிருந்தன. உள்ளங்கையில் மூச்சு படவில்லை. சூடு இல்லை.

கையை எடுக்க நினைத்தான். கை கேட்கவில்லை.

தரைக் கம்பியிலிருந்து அதே இளம் குரல். பொறுமையாக. கடைசி முறையாக.

"ரியர் கன்னர்?"

அவன் உள்ளங்கைக்கு அடியில், ஜில்லிட்ட உதடுகள் அசைந்தன.