நானூற்றுப் பதினேழாம் பங்கு

நானூற்றுப் பதினேழாம் எண்ணிலிருந்து ஒன்பது நாட்களாகப் புகார் வரவில்லை. உலகம்மைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தூத்துக்குடிக் கிளைப் பொதுமூளையில் தொள்ளாயிரம் பேர் குடியிருந்தார்கள். உடம்பு அவரவர் வீட்டில்தான் இருந்தது. நினைப்பு மட்டும் இங்கே. காதோரம் தகடு ஒட்டிக்கொண்ட அத்தனை பேரின் யோசனையிலும் முக்கால்வாசி, கடற்கரைச் சாலையில் ஏசி போட்ட ஓர் அறைக்குள், ஒரே இயந்திரத்தில் நடந்தது. பத்து வருடமாக அதன்மேல் சாய்ந்து சாய்ந்து சொந்த மூளைகள் சோம்பிப்போயிருந்தன. ஒருவர் மாய்ந்து மாய்ந்து யோசித்தால் இன்னொருவருக்கு மருமகன் பெயர் மறந்துபோகும். அதனால் ஆளுக்கு நூறு அலகு என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அதைக் காவல் காப்பது உலகம்மையின் வேலை. தொள்ளாயிரம் பேரையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருந்ததால் நிர்வாகியான அவளுக்கு மட்டும் நானூறு.

கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. புகார் செய்கிறவர்தான் அதிகம் இழுக்கிறவர். அவருடைய வரம்பில் பத்தைக் குறைத்தால் நெரிசல் தீரும், புகாரும் நிற்கும். மூன்று வருடமாக அவள் குறைத்தாள், அவையும் நின்றன. ஏன் நிற்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை என்பதுதான் இப்போது அவளை அரித்தது.

நானூற்றுப் பதினேழு என்பது ஜெசிந்தா. எட்டு முறை புகார் செய்திருந்தாள். யோசனை பாதியில் அறுந்துபோகிறது என்றாள். காலையில் புரிந்தது மத்தியானம் புரியவில்லை என்றாள். எட்டு முறையும் பத்துப் பத்தாகக் குறைத்ததில் நூறு, இருபதில் வந்து நின்றது. அதன்பிறகு சத்தமே இல்லை.

காலையில் முதல் வேலையாக உலகம்மை திரேஸ்புரத்தில் அவள் வீட்டுக்குப் போனாள். ஜெசிந்தா கதவைத் திறந்து, சிரித்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆறு வயதுப் பெண் ஒருத்தி கால்களை இழுத்தபடி தரையில் நகர்ந்து வந்து உலகம்மையின் செருப்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"பொதுமூளை ஆபீஸா மேடம்? நல்லாத்தான் ஓடுது."

"பாப்பாவுக்கு என்ன?"

"கால் தளந்துகிட்டே வருது. டாக்டர்மாருக்கே பிடிபடல. நான் என்னமோ தேடிக்கிட்டு இருந்தேன்..." ஜெசிந்தா சுவரைத் திரும்பிப் பார்த்தாள்.

சுவர் முழுக்கத் தாள்கள். உலகம்மை எழுந்துபோய்ப் படித்தாள். நாற்பத்தோரு நோய்கள் எழுதி, ஒவ்வொன்றாகக் காரணத்தோடு அடிக்கப்பட்டிருந்தன. கடைசித் தாளில் மூன்று பெயர்கள் மிச்சம். கீழே ஒரு குறிப்பு: 'மூன்றுக்கும் மருந்து இருக்கிறது. ஆனால் மாற்றிக் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. எது என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும். கால் முழுவதும் விழுவதற்குள் கொடுக்க வேண்டும்.' தேதி, ஒன்பது நாளைக்கு முந்தையது.

"இதை ஏன் விட்டீங்க?"

"விட்டேன்னு இல்ல மேடம். ஞாபகமே வரல. பாத்தா என் கையெழுத்துன்னு தெரியுது, அவ்வளவுதான். மின்னாடி ஒரே பதட்டமா கெடக்கும். இப்ப மனசு நிம்மதியா இருக்கு."

மூன்று வருடமாகத் தான் தீர்த்து வைத்தது புகார்களை அல்ல, புகார் செய்யும் புத்தியை என்பது உலகம்மைக்கு அந்தக் குழந்தையின் முன்னால் உறைத்தது. அவமானமாக இருந்தது. வாசலில் நின்றபடியே மேலாளர் காசிராஜனை அழைத்து, விவரம் சொல்லி, நானூற்றுப் பதினேழுக்குக் கூடுதல் அலகு கேட்டாள்.

"அடுத்தவங்க பங்கை எடுத்து இன்னொருத்தருக்குக் கூட்டணும்னா தலைமையகம் அனுமதி வேணும்," என்றார் அவர். "பத்து நாளாவும்."

"பிள்ளைக்குப் பத்து நாள் இல்ல சார். என் பங்கைக் கொடுத்தா?"

"அது உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. குறைஞ்சவங்களுக்குக் குறைஞ்சது தெரியாது பாத்துக்கிடுங்க. நம்ம தொழில்ல வசதியே அதுதான்."

"எனக்குத் தெரியாமலா போயிரும்? மூணு வருசமா இதைத்தான பாக்கேன்."

தனக்கு மட்டும் நேராது என்ற நம்பிக்கை பொதுமூளைக்கு முன்பே மனிதர்களுக்கு வந்த வியாதி. அறைக்குத் திரும்பியதும் ஜெசிந்தாவுக்கு நானூறு, தனக்கு இருபது என்று மாற்றினாள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வியாழக்கிழமை திரும்ப எடுத்துக்கொள்வதாகத் திட்டம்.

சற்று நேரத்தில், ஆடிக்கொண்டே இருந்த அவளுடைய கால் நின்றது. ஏசியின் இரைச்சல் இதமாக இருந்தது. டீயை ஆறவிடாமல் குடித்தாள். திரையில் எண்கள் ஓடின, ஓடட்டும்.

மூன்று மணிக்கு ஒரு புகார் வந்தது. அலுவலகத்துக்கு எழுத வேறு வழி கிடையாது என்பதால் ஜெசிந்தா புகாராகவே எழுதியிருந்தாள்.

'மேடம், இப்ப எனக்கு எல்லாம் புரியுது. நீங்க கொடுத்தது உங்க பங்கு. மூணுல ஒண்ணை அடிச்சாச்சு, இன்னும் ரெண்டுதான் பாக்கி. நாளன்னைக்கு வரைக்கும் எதையும் தொட்டுராதீங்க. முடிஞ்சதும் நானே வந்து உங்ககிட்ட சொல்லுதேன். இதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிற நிலைமையில நீங்க இப்ப இருக்க மாட்டீங்க. பக்கத்துல யாரு இருந்தாலும் அவங்ககிட்ட காட்டுங்க.'

உலகம்மை இரண்டு தடவை படித்தாள். நீளமாக இருந்தது. முடிவுக்கு வரும்போது ஆரம்பம் நழுவியது. பாவம், என்னமோ கஷ்டம் போலிருக்கிறது என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது. நானூற்றுப் பதினேழின் இழுப்பு எவ்வளவு என்று பார்த்தாள்: முந்நூற்றுத் தொண்ணூறு. அம்மாடி, இவ்வளவா. நூறைத் தாண்டியவர்களை ஒரே அழுத்தில் பழைய அளவுக்கு இறக்கும் விசை எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது.

நானூற்றுப் பதினேழு மறுபடி இருபதுக்கு இறங்கியது. மிஞ்சிய அலகுகள் பொதுவில் போய்க் கலந்தன. அன்று மாலை ஊரில் பலருக்கு மருமகன்களின் பெயர் பளிச்சென்று ஞாபகம் வந்தது.

வியாழக்கிழமை வந்தது, போனது. அன்று அவள் மேசையைத் துடைத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை காசிராஜன் அழைத்தார்.

"பிரமாதம் உலகம்மை. நிலுவையில ஒரு புகார் கிடையாது. இருபது அலகை வச்சுக்கிட்டு ஒரு கிளையையே ஓட்டுதீங்களே. இனி எந்தக் கிளையிலயும் நிர்வாகிக்கு இருபதே போதும்னு தலைமையகத்துக்கு எழுதப் போறேன்."

"எழுதுங்க சார்."

"அந்த நானூத்திப் பதினேழு பிள்ளை விசயம் என்னாச்சு?"

உலகம்மை கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள்.

"புகார் ஒண்ணு வந்துச்சு சார். அன்னைக்கே முடிச்சு வச்சிட்டேன்."