விரலில் ஒட்டிய தேன்

பீலியோன் மலையில் எங்கள் ஊருக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். ஜூலை மாதத்தில் ஒரு நாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள் ரினியோ. முப்பது வயதிருக்கும். கையில் ஒரு பொட்டலம் எள்ளு ரொட்டி வளையம். படியேறி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"அத்தை, பழைய சாமிங்களைக் கும்பிடறவங்க இங்கதானே கூடுவாங்க?"

"யாருகிட்ட வழி கேட்டே? பாதிரியார் பொண்டாட்டிகிட்டயா?"

"ஆமா. 'பன்னிரண்டு சாமிக்காரி வீடா'ன்னு கேட்டுட்டு மூணு தடவை சிலுவை போட்டுக்கிட்டாங்க."

"மூணே மூணுதானா? இன்னைக்கு நல்ல மூட்ல இருக்கா போல."

சிரித்தாள். உட்கார வைத்து, சின்னத் தட்டில் அத்திப்பழ இனிப்பும் குளிர்ந்த தண்ணீரும் கொடுத்தேன். என் பெயர் தியானோ. ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வேறு, அதை விடுங்கள். இருபது வருஷமாக அந்தப் பன்னிரண்டு பழைய தெய்வங்களைக் கும்பிடும் முறையைச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. புதிதாக ஆரம்பிக்கிறேன் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வருவார்கள். ஒருத்திக்குப் புருஷன் வேண்டும், காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி. ஒருத்தனுக்கு மேனேஜரோடு சண்டை, போர்த் தெய்வம் ஏரஸ். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்.

"எடுத்த எடுப்பில இடி மின்னலைக் கேக்காதே, பொண்ணே. மொத ஒரு வருஷம் அடுப்புத் தெய்வம் ஹெஸ்தியாவுக்கு மட்டும். எரியற பிரிஞ்சி இலையைத் தண்ணியில முக்கி, அந்தத் தண்ணியில கை கழுவு. சாப்பாட்டில மொத வாயை நெருப்புல போடு. அவ்வளவுதான். பொறுமையா இரு."

"நான் ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டேன், அத்தை."

"யாருக்கு?"

"கீழ இருக்கறவங்களுக்கு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பூமிக்கடியில் இருந்து பழி தீர்க்கும் அந்த மூன்று பேரின் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்லவே மாட்டோம். நல்லவர்கள் என்போம். "நீச்சல் தெரியாதவ நேரா நடுக்கடல்ல குதிச்சியாக்கும்!" என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னாள். "போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலம். எங்கப்பா தேன்பெட்டி வச்சிருந்தாரு. சாயங்காலம் உங்க ஊருக்குக் கீழ இருக்கற வளைவுல நடந்து வந்தவரை ஒரு கார் அடிச்சுட்டுப் போயிடுச்சு. விடியற வரைக்கும் பனியில உயிரோட கிடந்திருக்காரு. ஒரு போன் பண்ணியிருந்தா பொழச்சிருப்பாருன்னு டாக்டர் சொன்னாரு."

நான் காலித் தட்டை எடுத்து வைத்தேன்.

"அடிச்சவன் சாகணும்னு கேக்கல அத்தை. அவனும், அவனுக்குச் சோறு போட்டு மறைச்சு வச்சவங்களும் ஒரு வாய் ருசியா சாப்பிடக்கூடாது, ஒரு பொட்டு தூங்கக்கூடாதுன்னு கேட்டேன். கனவுல மூணு பொம்பளைங்க வந்து இந்த மலையைக் காட்டினாங்க. அதான் இங்க வந்து முறையா கத்துக்கலாம்னு."

அவளுக்குத் தெரியாது. சத்தியமாக அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

அந்தக் கார் என் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே நின்றது. ஓட்டியவன் என் ஒரே பிள்ளை ஆரிஸ், அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தான். "காட்டுப்பன்னி குறுக்க வந்துடுச்சும்மா" என்று அன்றைக்கு நடுங்கிக்கொண்டு வந்தான். முன்பக்கத்தில் ஒரு கம்பளிக் குல்லா சிக்கியிருந்தது. எந்தப் பன்றி குல்லா போடும்? அதை எடுத்து அடுப்பில் போட்டு எரித்தேன். அதே அடுப்பில்தான் தினமும் ஹெஸ்தியாவுக்கு முதல் வாய் போட்டுக்கொண்டு வருகிறேன். என் துணிச்சலைப் பாருங்கள்.

ரினியோவிடம் "ஒரு வருஷம் பொறு" என்று மறுபடியும் சொல்லி, சாயங்கால பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மறுநாளே ஆரம்பித்தது.

எங்கள் பக்கம் மத்தியானம் சாப்பிட்ட பிறகு யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார்கள். ஊரே படுத்துவிடும். சில்வண்டுச் சத்தம் மட்டும் காதைத் துளைக்கும். அந்த நேரத்தில் ஆரிஸ் கீழே இறங்கி வந்தான்.

"அம்மா, மாடியில யாரு நடக்கறது?"

யாரும் இல்லை. ஆனால் பலகை முனகியது. தினமும் முனகியது. ரொட்டி மண்ணாக ருசிக்கிறது என்று துப்பினான். பன்னிரண்டு நாளில் கன்னம் ஒட்டிப்போனது. "போலீஸ்ல சொல்லிடறேம்மா" என்று அழுதான்.

"வாயை மூடு. அம்மா பாத்துக்கறேன்."

முறை தெரிந்தவள் என்ற திமிர் எனக்கு. பதின்மூன்றாம் நாள் மத்தியானம் வீட்டுக்குப் பின்னால் வாதுமை மரத்தடியில் குழி தோண்டினேன். சமாதானப் படையல். கீழே இருப்பவர்களுக்குத் திராட்சை மது ஆகாது. தண்ணீர், பால், தேன் மட்டும். உள்ளங்கை மண்ணைப் பார்க்க வேண்டும். மேலே இருக்கும் தெய்வங்களோடு பங்கு போட்டுச் சாப்பிடலாம், அது விருந்து. கீழே இருப்பவர்களுக்குக் கொடுத்ததில் ஒரு சொட்டுகூடக் கொடுத்தவர் வாயில் படக்கூடாது. பட்டால் ஒரே பந்தியில் உட்கார்ந்ததாகிவிடும். முப்பது பேருக்காவது இதை நான் சொல்லிக்கொடுத்திருப்பேன்.

தண்ணீரை ஊற்றினேன். பாலை ஊற்றினேன். தேன் கெட்டியாக இருந்தது. ஜாடியின் விளிம்பில் வழிந்து சுட்டுவிரலில் ஒட்டியது.

நாற்பது வருஷச் சமையலறைப் பழக்கம்.

நக்கிவிட்டேன்.

சில்வண்டுகள் நின்றன.

ஒன்றிரண்டு அல்ல, மலை முழுக்க நின்றன. பட்டப்பகல், உச்சி வெயில். முதுகு மட்டும் சில்லென்று நனைந்தது. கம்பளி கருகும் வாசனை வந்தது.

பின்னால் யாரோ மடக்கென்று விழுங்கினார்கள்.

இன்னொருவர்.

இன்னொருவர்.

"இன்னும்" என்றது காதோரத்தில் ஒரு குரல்.

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் நடந்தேன். சமையலறையில் ஆரிஸ் நின்றிருந்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே பார்த்தான்.

"யாரும்மா இவங்க?"

"எத்தனை பேருடா?" என்று கேட்டேன்.

மூன்று விரலைக் காட்டினான். பிறகு கார் சாவியை எடுத்தான். நான் வாசலில் குறுக்கே விழுந்தேன்.

"உன்னைப் பெத்தவ சொல்றேன், போகாதேடா!"

"அந்த ஆளு விடிய விடிய உயிரோட கிடந்தாராமே. உனக்குத் தெரியுமாம்மா?"

என் பிள்ளையிடம் நான் அதைச் சொன்னதே இல்லை. "யாரு சொன்னா?"

"இவங்கதான்."

தார்ப்பாயை உருவிப் போட்டுவிட்டு, அதே காரில் மலையடிவாரத்து வோலோஸ் நகரப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அங்கேயே பெஞ்சில் படுத்துப் பதினாலு மணி நேரம் தூங்கினானாம்.

பெற்ற தாய் மறைத்தால் எங்கள் நாட்டுச் சட்டத்தில் தண்டனை இல்லை என்று வக்கீல் எனக்குத் தைரியம் சொன்னார். கீழே உள்ள சட்டத்தில் தாய்க்கு அப்படி விலக்கு எதுவும் கிடையாது.

வழக்கு நாளன்று கோர்ட் வராந்தாவில் ரினியோவின் முழங்காலைக் கட்டிக்கொண்டேன். "போதும்னு அவங்ககிட்ட சொல்லிடு, தாயே. ஒரு வாய் இறங்கலடி. கண்ணை மூட முடியல."

அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. தலையைக்கூடத் தடவினாள். "உங்க புள்ளை எங்கிட்ட மன்னிப்புக் கேட்டான், அத்தை. அவன் பேரைச் சொல்லிப் போதும்னு அன்னைக்கே கேட்டுக்கிட்டேன். ஆனா நீங்க, எல்லாம் தெரிஞ்சும், கையில இனிப்பைக் கொடுத்து, பொறுமையா இருன்னு சொன்னீங்க. நான் பொறுமையாத்தான் இருக்கேன்."

போன வாரம் ஜெயிலுக்குப் போனேன். பஸ் நிறையக் கூட்டம். நிற்க இடமில்லை, ஆனாலும் என்னைச் சுற்றி யாரும் நெருங்கவில்லை. ஆரிஸ் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறானாம், சதை போட்டிருக்கிறானாம். அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. உள்ளே போகும் கதவில் பெயர் எழுதும் காவலர், இளவயதுக்காரர், என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் பார்த்தார். முகம் சுளித்தார்.

"நீங்க மட்டும் போங்கம்மா. கூட வந்த மூணு பேரும் இங்கயே இருக்கட்டும்."

நான் உள்ளே அடியெடுத்து வைத்தேன். அவர் பதறிப்போய்ப் பின்னாலேயே கத்தினார்.

"அம்மா, நில்லுங்க! அவங்க கேக்க மாட்டேங்கறாங்க!"