சவாசனத்துக்கு நேரமில்லை

யோகா மாஸ்டரிடமிருந்து வந்திருந்த செய்தியைப் பல் டாக்டர் ஒரு கையுறையைக் கழற்றிவிட்டு இரண்டாவது முறையும் படித்தாள். இன்றைக்குச் சவாசனத்தில் கடைசிவரை அசையாமல் படுத்திருந்தாளாம். ஆறு மாதமாகத் தொண்டை வறளச் சொன்னதற்கு இன்றைக்குத்தான் பலன் கிடைத்ததாம். கூடவே மூன்று கைத்தட்டல் படங்கள்.

அவள் எங்கே படுத்தாள்? சவாசனம் தொடங்கும்போதே குளியலறைக்கு ஓடிவிடுவது அவள் வழக்கம். ஐந்து மணிக்கு டம்பெல்ஸ், ஐந்தேகாலுக்கு முந்நூறு ஸ்கிப்பிங், ஐந்தரைக்குப் போனை அலமாரியில் சாய்த்து வைத்து ஆன்லைன் யோகா. கடைசிப் பத்து நிமிடம் பிணம் மாதிரிக் கிடக்கச் சொன்னால் நடக்கிற காரியமா? அதற்குள் குளித்து, டிபன் பாக்ஸை நிரப்பி, ஆறு வயது மகளை எழுப்பித் தலைவாரிப் பள்ளி வேனில் ஏற்றியாக வேண்டும். கணவன் கப்பலில் இருக்கிறான், வர நான்கு மாதமாகும். போன வருடம் ரத்த அழுத்தம் எகிறி, பல் பிடுங்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பயம்தான். தனக்கு ஒன்று ஆகிவிட்டால் மிட்டாய் யாரிடம் வளரும்? பல் டாக்டர் பெண்ணுக்கு மிட்டாய் என்று பெயர் வைத்துக் கூப்பிட்டது அப்பனின் குசும்பு.

மாஸ்டருக்குத் திரை உறைந்து நின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

மறுநாள் குளித்துவிட்டு வந்து, போனை அணைக்க யோகா பாயில் கால் வைத்தவள் சட்டென்று பின்வாங்கினாள். பாய் கதகதப்பாக இருந்தது. குனிந்து தடவினாள். குதிகால் இருக்கிற இடம், இடுப்பு, தோள், தலை வரைக்கும் ஒரே சூடு. ஜன்னல் திறந்திருந்தும் அந்த இடத்தை மட்டும் வியர்வை வாசனை சூழ்ந்திருந்தது. அவளுடைய வியர்வைதான், குளித்து சோப்பு மணத்தோடு நிற்கிறவளின் பழைய வியர்வை. இதற்கெல்லாம் நின்று யோசிக்க நேரம் ஏது? ஏழேகாலுக்கு வேன் வந்துவிடும்.

மூன்றாம் நாள் தலைவாரிக்கொண்டிருந்தபோது மிட்டாய் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"நீ குளிக்கப் போனதும் நான் அம்மா பக்கத்துல போய்ப் படுத்துக்கிட்டேன்."

சீப்பு நின்றது. "எந்த அம்மா?"

"பாயில படுத்திருக்கிற அம்மா. அந்த அம்மா என்னை அவசரப்படுத்த மாட்டாங்க."

பயத்தை விடவும் அந்தக் கடைசி வார்த்தைதான் முதலில் குத்தியது. பயம் பிறகு, பேருந்து நெரிசலில், முதுகுத்தண்டில் ஈரம்போல இறங்கியது. அன்று முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊசியைத் தவறான பக்கத்துக் கன்னத்துக்குக் கொண்டுபோய்விட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வலி நின்றதும் வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போகிறவர்களை அவள் திட்டாத நாளில்லை. பாதியில் விட்டால் உள்ளே அது பாட்டுக்கு வளரும் என்பாள். அப்படியென்றால் விட்டதை முடித்துவிட்டால் போச்சு. ஒரே ஒருநாள், கடைசிவரை படுத்துவிடலாம்.

படுத்தாள். மிட்டாய் தூங்குகிற அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். போனில் மாஸ்டரின் குரல் கால் விரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தது, முழங்கால், தொடை, வயிறு, எப்போதும் இறுகிக் கிடக்கிற அவளுடைய தாடை. குளிர்சாதனப் பெட்டியின் முனகல், மாடிக்குழாயில் நீர் ஏறும் ஓசை, மூடிய இமைக்கு மேல் மெல்ல வெளுக்கும் வெளிச்சம், டிபன் பாக்ஸ், எட்டு மணி நோயாளி, துவைக்காத சீருடை. மனது கிடந்து பறந்தது. ஆனாலும் உடம்பு அசையாமல் கிடந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

குளியலறையில் தண்ணீர் விழத் தொடங்கியது.

வாளி நிரம்பும் சத்தம். பிறகு மொண்டு ஊற்றும் சத்தம். அவசரமில்லாமல்.

"இப்ப விரல்களை மெதுவா அசைங்க" என்றார் மாஸ்டர்.

அசைத்தாள். அசையவில்லை.

கத்தினாள். தாடை தளர்ந்தே கிடந்தது. இமைகள் மட்டும் ஒரு நூலளவு பிரிந்தன. கூரை தெரிந்தது. மின்விசிறியின் ஒரு இறக்கை தெரிந்தது.

தண்ணீர் நின்றது. கதவு திறந்தது. ஈரக் கால்கள். அருகில் வந்தன. நின்றன. சோப்பு மணம். சில்லென்ற விரல்கள் அவள் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டன.

மிட்டாய். ஐயோ, மிட்டாய்.

பூட்டு திறந்தது. குழந்தை சிணுங்கவில்லை. சிரித்தது. வெகுநேரம் தலைவாரும் ஓசை கேட்டது, சிக்கெடுத்து, நிதானமாக. அவள் இப்படி ஒருநாளும் வாரிவிட்டதில்லை.

பிறகு சின்னக் கால்கள் ஓடிவந்தன. மிட்டாயின் முகம் அவளுக்கு மேலே குனிந்தது.

"இவங்க எழுந்திரிக்கலையா?"

"அவங்க படுத்திருக்கட்டும், கண்ணு." அவளுடைய குரல்தான். "நீ அந்த முனையைப் பிடி. மெதுவா. நமக்கு ஒண்ணும் அவசரமில்லை."

குதிகாலுக்கடியில் பாய் தூக்கப்பட்டது. பாதங்கள் மடங்கின. வலிக்கவில்லை. முழங்கால். இடுப்பு. மிட்டாய் நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, சொன்னபடி இறுக்கி இறுக்கி, இரண்டு உள்ளங்கையாலும் சுருட்டிக்கொண்டே அவள் முகத்தை நோக்கி வந்தாள்.