ஈயம் வார்த்த தடி

முதுகுக்கு நேர் கீழே ஏதோ தட்டியது.

பலகைத் தளத்தில் மல்லாந்து கிடந்த செபஸ்ரியன் கண்ணைத் திறந்தான். பலமான தட்டல் இல்லை. உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்பதுபோல இடது தோளுக்குக் கீழே மெதுவாக ஒன்று, சற்றுப் பொறுத்து விலாவுக்குக் கீழே இன்னொன்று. எழுந்து உட்கார்ந்ததும் நின்றுவிட்டது. எலியாயிருக்கும் என்று ஹீட்டர் பக்கமாக நகர்ந்து மறுபடி படுத்தான். தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அந்தத் தட்டல் பழைய இடத்திலிருந்து பலகை பலகையாகத் தடவிக்கொண்டு வந்து, ஹீட்டரடியில் அவன் முதுகெலும்பைக் கண்டுபிடித்தது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டின் குளிர்காலம்; வேலை முடிந்து வருமுன்னே இருட்டிவிடும். மன்னாரிலிருந்து கடல் கடந்து வந்த செபஸ்ரியன் ஏவன்டேல் என்ற புறநகரில் அந்தப் பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தான். மனைவி துஷானி விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தாள். ஒடாஹுஹுவில் கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் நாள் முழுக்கக் குனிந்து நின்றுவிட்டு, ரயிலிறங்கி மழையில் நடந்து வந்து, கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, இடுப்புக்கு மேலே நாரி வலி அடங்கும்வரை வெறும் பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடப்பான். பேச ஆளில்லாத வீட்டில் ஒரு நாளைக்கு அவனுக்கு இருந்த சுகம் அவ்வளவுதான்.

வீடு குட்டைத் தூண்களின்மேல் நின்றது. தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். டோர்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனவன், என்னவோ தோன்றி, முதலில் கராஜைத் திறந்தான். தடி, மூலையில் அவன் சாத்திவைத்த இடத்திலேயே இருந்தது.

அதை வெள்ளிக்கிழமை கொண்டுவந்து கொடுத்தவன் பட்டறையில் கூட வேலை செய்யும், தமிழ் பேசும் ஃபிஜிக்காரன் ராம் பிரசாத். பாபகூராவில் ஞாயிறுதோறும் இரும்புச் சட்டை மாட்டிக்கொண்டு ஐரோப்பாவின் பழங்காலச் சண்டைகளை நடித்துப் பார்க்கும் கூட்டத்தில் அவனும் ஒருவன். வாள் வாங்க வழியில்லாத குடியானவர்கள் வயலில் வைத்திருந்த கட்டையையே ஆயுதமாக்கிக்கொண்ட காலத்து அசல் இது, இதைப் பார்த்துச் சில தடிகள் கடைந்து தா என்று கேட்டிருந்தான். தடி நெஞ்சுயரம் இருந்தது. தேங்காய் பருமனுக்கு இருந்த தலையைக் குடைந்து ஈயம் வார்த்து, இரும்புப் பட்டை இறுக்கி, சுற்றிலும் லாட ஆணி அறைந்திருந்தார்கள். அடிமுனை மட்டும் வெறும் மரம். தேய்ந்து, விரல் நுனிபோல மழுங்கியிருந்தது.

அந்த அடிமுனையில் இப்போது ஈர மண் ஒட்டியிருந்தது.

வீட்டின் பக்கவாட்டிலிருந்த சிறு கதவைத் தள்ளி, குனிந்து டோர்ச் அடித்தான். பூஞ்சை நாற்றம், அதற்கு அடியில் துருவும் இரத்தமும் கலந்ததுபோல ஒரு வாடை. மண்ணில் வட்ட வட்டமாகக் குழிகள் கராஜ் பக்கமிருந்து வரிசையாக வந்து, கூடத்துக்கு நேர் கீழே நெருங்கி நெருங்கிக் கிடந்தன. தலை, தோள், நீட்டிய கால். அவன் படுத்திருந்த வடிவம்.

உள்ளே வந்து ராம் பிரசாத்துக்குப் போன் எடுத்தான். குழிகளைப் பற்றிச் சொல்ல வெட்கமாயிருந்ததால், அந்தத் தடியை எப்படிப் பிடித்துச் சண்டை போடுவார்கள் என்று மட்டும் கேட்டான்.

"அது சண்டைக்கு இல்ல அண்ணா. சண்டை முடிஞ்சப்புறம்தான் அத எடுத்துட்டுப் போவாங்க. விழுந்து கிடக்கிறவங்கள அடிமுனையால ஒவ்வொருத்தரா தட்டிப் பார்ப்பாங்க. மூச்சு இருந்தா தடியத் திருப்பிப் பிடிப்பாங்க."

செபஸ்ரியன் அதைக் கொண்டுபோய்விடச் சொன்னான். காலையில் வருவதாக ராம் பிரசாத் சொன்னான்.

போனை வைத்ததும் அது அடித்தது. துஷானி. விசாவைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

"உங்களோட ஆரப்பா நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை. நான் தனியத்தான்."

"இல்லை, கனபேற்ற மூச்சுக் கேக்குது." அவள் குரல் தணிந்தது. "சத்தம் கேக்கப்படாதெண்டு அடக்கி அடக்கி விடுற மாதிரி."

லைன் அறுந்தது. அவன் ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். எங்காவது போய்விடலாம். யாரிடம் போவது? இந்த நேரத்தில் கதவைத் தட்டக்கூடிய ஒரு வீடு இந்த ஊரில் அவனுக்கு இல்லை. குசினி ஜன்னலால் பார்த்தான். கராஜ் திறந்தபடியே கிடந்தது. மூலையில் தடி இல்லை.

படுக்கக் கூடாது. விடியும்வரை நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

கூடத்தின் நடுவில், விளக்குக்கு நேர் கீழே நின்றான். மழை விட்டது. கூரையிலிருந்து சொட்டுவதும் நின்றது. அப்போது பின்கதவுப் பக்கம் ஒரு சத்தம். டொக். தளத்துக்கு அடியில் இல்லை. தளத்தின் மேல்.

டொக்.

நடைப்பக்கம்.

சட்டென்று திரும்பினான். நாரி பிடித்துக்கொண்டது. கால்கள் கழன்று, பலகையில் பக்கவாட்டாக விழுந்தான். எழ முடியவில்லை. விரலைக்கூட ஊன்ற முடியவில்லை. கன்னம் தரையோடு ஒட்டியிருந்தது.

கண்ணைத் திறந்தான்.

நின்றபோது வெறுமையாயிருந்த அறை, கிடந்து பார்த்தபோது நிறைந்திருந்தது. சுவரிலிருந்து சுவர்வரை, தோளோடு தோள் உரச, சேறு அப்பிய மனிதர்கள் கிடந்தார்கள். கதிரைக்கு அடியிலும். மேசைக்கு அடியிலும். மூக்குக்கு மூக்குத் தொடும் தூரத்தில் ஒரு முகம். தாடை உடைந்திருந்தது. எல்லாக் கண்களும் அவனையே பார்த்தன.

டொக். கூடத்து வாசலில்.

உடைந்த முகத்துக்காரனின் கை மெல்ல ஊர்ந்து வந்து மூச்சுக் கேட்காதபடி செபஸ்ரியனின் வாயைப் பொத்தியது. சில்லென்ற கை. மண் ருசி.

பிறகு, வாசல் பக்கத்திலிருந்து தொடங்கி, அந்தக் கண்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தன.