சூசைராஜுக்கு நிற்கும் வண்டி

தினமும் காலையில் ஜெசிந்தாவின் வீட்டு வாசலில் அந்தத் தானோட்டிப் பேருந்து வந்து நிற்கும். கதவு திறக்கும். யாரும் ஏற மாட்டார்கள். "காலை வணக்கம், சூசைராஜ்" என்று வண்டி சொல்லும். ஜன்னலோர இருக்கை ஒன்றில் சிவப்பு விளக்கு எரியும். இனி அதில் வேறு யாரும் உட்கார முடியாது. கதவு மூடிக்கொண்டு வண்டி கிளம்பும்.

கையில் காபியோடு அதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெசிந்தா அலுவலக ஜீப்பில் ஏறுவாள். கழிமுக மண்டலத்தின் போக்குவரத்துத் திட்ட அதிகாரி அவள். பேருந்தில் ஏறி எத்தனையோ வருஷமாயிற்று. பெரிய பதவிக்கு வந்தவர்களைப் பிடிக்கிற வியாதிதான், வேறென்ன.

சூசைராஜ் அவள் கணவன். பெருவெள்ளத்தில் போய்விட்டான். அவனோடு மண்டலத்தில் பாதி சனமும் போயிற்று. யார் எங்கே ஏறுவார்கள் என்பதைப் பழைய பயணங்களை வைத்துத் திட்டப்பொறி என்கிற கணினிதான் முடிவு செய்யும். கை காட்டினால் வண்டி நிற்கிற காலமெல்லாம் மலையேறிவிட்டது. ஆள் குறைந்தால் பொறி தடத்தையே வெட்டிவிடும். அதனால் அப்போது இளநிலை அதிகாரியாக இருந்த ஜெசிந்தா, இறந்தவர்களின் பயணங்களைப் பதிவிலிருந்து அழிக்காமல் ஓடவிட்டாள். 'நிழல் பயணிகள்' என்று பெயரும் வைத்தாள். மிஞ்சியவர்களுக்கு வண்டி கிடைத்தது, அவளுக்குப் பதவி உயர்வு.

பிறகு புதிதாக ஆட்கள் குடியேறினார்கள். அப்போதே நிழல்களை நீக்கியிருக்க வேண்டும். அவளுக்கு மனம் வரவில்லை. நீக்கச் சொல்லி ஊரும் கேட்கவில்லை. வாசலில் நின்று தங்கள் ஆளை வழியனுப்ப எல்லோரும் பழகிவிட்டார்கள்.

அன்று துணை அதிகாரி குமரவேல் அவள் அறைக்கு வந்து உட்காராமலே நின்றான்.

"மேடம், நேத்து உப்பளம் ஸ்டாப்புல ஒரு நிறைமாசப் பொண்ணுக்கு வலி வந்திருக்கு. வண்டி இடமில்லைன்னு கதவைத் திறக்கவே இல்ல."

"அவ்வளவு கூட்டமா?"

"உள்ள ஒரு ஆள் இல்ல மேடம். அத்தனையும் நிழல்."

"பொண்ணு?"

"பொழைச்சுக்கிட்டா. பிள்ளை தங்கல."

அந்தப் பிள்ளையைத் தானே கொன்றுவிட்ட மாதிரி ஜெசிந்தாவுக்கு இருந்தது.

"எல்லா நிழலையும் எடுத்துடலாம்" என்றாள்.

குமரவேல் குரலைத் தாழ்த்தினான். "சூசைராஜ் சாரை மட்டும் விட்டுடட்டுமா மேடம்? ஒரு ஆள்தானே. யாருக்கும் தெரியாது."

சரி என்று சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. "வேணாம். அவரை நானே எடுக்கறேன்" என்று கணினித் திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஜீப்பை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இன்று பேருந்தில் ஏறி அவன் இருக்கையில் உட்கார வேண்டும் என்று ஆசை. தெரு நெடுக வாசல்களில் வழக்கம்போல ஆட்கள் நின்றிருந்தார்கள். வண்டி வந்தது. ஒரு வாசலிலும் நிற்கவில்லை. ஜெசிந்தா கை காட்டினாள். அவளையும் தாண்டி அதே வேகத்தில் போய்விட்டது.

அவள் குமரவேலைப் போனில் கூப்பிட்டாள்.

"உங்க வாசல் ஸ்டாப்பைப் பொறி எடுத்துடுச்சு மேடம்" என்றான் அவன். "அங்க ஏறுறவர் சார் ஒருத்தர்தானே. நீங்க ஒரு தடவைகூட ஏறினதில்லையே." கொஞ்சம் தயங்கினான். "அந்த வீட்ல இப்ப யாரும் இல்லைன்னு காட்டுது."