அலமாரி மேலிருந்த படம்

மனைவி ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் கொண்டுவந்து வைத்த தேநீரை அப்துல் ஹாதி தொடவில்லை. புதன்கிழமை மாலையிலிருந்து இதே கதைதான். சோறு வேண்டுமென்றால் மகள் நஸீஹாவைக் கூப்பிட்டுப் போடச் சொன்னான். தண்ணீர் வேண்டுமென்றால் தானே நொண்டிக்கொண்டு எழுந்து போனான். பதினேழு வருடம் குடும்பம் நடத்தியவளை இரண்டே நாளில் திருடியைப் பார்ப்பதுபோல் ஒரு மனிதனால் பார்க்க முடியுமா என்றால், முடியும். குவைத்தில், அப்பாசியாவின் அந்த நான்காம் மாடி வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

"கடைசியாக் கேக்குறேன்," என்றான் ஹாதி, முழங்காலுக்கு உறையை இழுத்து மாட்டியபடி. "அலமாரி மேல இருந்த ஸ்கேன் படம் சின்ன முதலாளி மேசைக்கு எப்படிப் போச்சு?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். பதில் தெரியாமல் அல்ல. தெரிந்திருந்ததுதான் அவளுடைய கஷ்டம்.

ஹாதிக்கு முப்பத்தொன்பது வயது. காயல்பட்டினத்து மணலில் பந்து உதைத்துப் பழகிய கால். குவைத்துக்கு வந்த புதிதில் ஒரு குழாய் சாமான் கம்பெனிக்காக ஆடினான். அங்கே முதலாளியின் மகனுக்கு ஃபுட்பால் என்றால் உயிர். ஹாதி சென்டர் ஹாஃப். பந்து எங்கிருந்து வந்தாலும் அவன் காலுக்கு வந்துதான் மற்ற பத்துப் பேருக்கும் பிரிந்து போகும். அந்தக் காலுக்காகச் சின்ன முதலாளி அவனை ஸ்டோரில் சூப்பர்வைசர் என்று எழுதி, குடும்பத்தைக் கூட்டிவரும் தகுதியோடு இகாமா என்ற குடியிருப்பு அனுமதியும் அடித்துக் கொடுத்தார். ஸ்டோரில் வேலை தெரிந்த சூப்பர்வைசர்கள் தொழிலாளர் கேம்ப்பில் பங்க் கட்டிலில் கிடக்க, ஹாதி மட்டும் பெண்டாட்டி பிள்ளையோடு பன்னிரண்டு வருடம் இருந்தான். எல்லாம் காலால் வந்தது. காலோடு போகவும் போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

நோன்பு மாதத்துப் போட்டியில் அந்தக் கால் மடங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் உள்ளே ஜவ்வு கிழிந்திருந்தது. ஆபரேஷன் செய்யாமல் ஆடினால் நடையே போய்விடும் என்றார் டாக்டர். ஹாதி படத்தை உறையோடு அலமாரி மேல் போட்டுவிட்டுக் கம்பெனியில் சின்னச் சுளுக்கு என்று சொல்லிவிட்டான். அதன்பிறகு போட்டிகள் இல்லாத காலம்; சுளுக்கு மூன்று மாதமாக ஆறிக்கொண்டே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து தொழுவதை டீம்காரர்கள் பார்த்துவிடக்கூடாதென்று பக்கத்துப் பள்ளிவாசலை விட்டு டாக்சி பிடித்துத் தூரத்துப் பள்ளிவாசலுக்குப் போனான். பிப்ரவரியில் இகாமா புதுப்பிக்க வேண்டும். மார்ச்சில் நஸீஹாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. அதற்குள் யாருக்கும் தெரியக்கூடாது. அவ்வளவுதான் அவன் கணக்கு.

அந்தப் படம்தான் புதன்கிழமை சின்ன முதலாளியின் மேசைமேல் கிடந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு கிரவுண்டுக்கு வா, என் கண்முன்னால் ஓடு, ஓடினால் பழையபடி இரு, இல்லையென்றால் உன் பெயர் கேம்ப் லிஸ்டுக்குப் போகும், குடும்பம் ஊருக்குப் போகட்டும், கலாஸ், பேச்சு முடிந்தது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமைதான் இன்றைக்கு. வலி தெரியாமலிருக்க ஓர் ஊசிக்கும் ஹாதி ஏற்பாடு செய்து வைத்திருந்தான்.

படம் வீட்டைவிட்டு வெளியே போனது ஃபிர்தௌஸ் கையால்தான். அதை அவள் தனக்குள் மறுக்கவில்லை. ஊருக்குப் போகிறவர் கையில் பார்சல் கொடுத்துவிடுவது அப்பாசியாவில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். கம்பெனியின் கணக்கு கிளார்க் மீரா சாகிப் செவ்வாய்க்கிழமை ஊருக்குப் பறந்தார். பால் பவுடர் டின், தைலம், காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணனின் பிள்ளைகளுக்குச் சட்டை என்று கட்டிய பார்சலின் நடுவே ஃபிர்தௌஸ் அந்தப் படத்தையும் வைத்தாள். திருநெல்வேலியில் எலும்பு டாக்டரிடம் காட்டிக் கேட்டு வையுங்கள் என்று தன் காக்காவுக்குச் சீட்டு எழுதினாள். கணவனிடம் கேட்டால் விடமாட்டான். கேட்காமல் செய்தாள். அது அவள் பிழை.

மீரா சாகிப் தங்கியிருந்தது ஆண்கள் ரூம். அங்கே அவள் போக முடியாது. திங்கட்கிழமை மாலை பார்சலைக் கொண்டுபோனவன் ஹாதியின் தம்பி நூஹு. பார்சலை வாங்குகிறவர் யாரானாலும் கொண்டுவந்தவர் முன்னாலேயே பிரித்துப் பார்த்துத்தான் கட்டுவார். ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்ளப் போவது அவர்தானே. அப்படிப் பிரித்த இடத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் விமானம் ஏறிவிட்டார். புதன்கிழமை படம் முதலாளி மேசைக்கு வந்துவிட்டது. மிச்சம் யார்?

நூஹுவும் அதே டீம்தான். அண்ணன் ஆடும் இடத்துக்கு மாற்று ஆள். ஆறு வருடமாக பெஞ்சில் உட்கார்ந்தே தேய்ந்தவன். அவன் மனைவி ஷம்சியா மூன்று மாத விசிட் விசாவில் வந்து, இதே வீட்டில் அவனோடு தங்கி, போகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அண்ணன் இடம் தம்பிக்குக் கிடைத்தால் குடும்ப விசாவும் கூடவே வரும். ஃபிர்தௌஸ் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கினாலும் மனம் அங்கேயே போய் நின்றது. புதன்கிழமைக்குப் பிறகு நூஹு இரண்டாம் தடவை சோறு கேட்பதில்லை. மச்சி என்று கூப்பிடும் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதும் இல்லை.

அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஷம்சியா, பேச்சை எங்கிருந்தோ தொடங்கி எங்கே கொண்டுவர வேண்டுமோ அங்கே கொண்டுவந்தாள்.

"எனக்கும் ஊர்ல உம்மா கொடுத்த வீடு இருக்கு லாத்தா. எனக்கு அதைப் பூட்டிட்டு வர ஆசை. உங்களுக்குப் போய்த் திறக்க ஆசை போல."

அவர்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். சம்பாதிக்கிற மாப்பிள்ளைக்கு அங்கே ராஜ மரியாதை. சம்பாத்தியம் நின்றவனுக்கோ ஒவ்வொரு கவளமும் தொண்டையில் நிற்கும். தன்னை அந்த இடத்தில் கொண்டுபோய் உட்காரவைக்கத்தான் மனைவி திட்டம் போட்டாள் என்று ஹாதி நினைக்கிறான்; அந்த நினைப்புக்கு விதை போட்டது யார் என்று ஃபிர்தௌஸுக்கு இப்போது புரிந்தது.

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து ஆண்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். ஹாதி மெதுவாக, காலை நீட்டியபடி உட்கார்ந்தான். ஊசி போட்டுக்கொள்ள மூன்று மணிக்குப் போக வேண்டும் என்றான், யாரிடமும் அல்லாமல் சுவரிடம் சொல்வதுபோல.

ஃபிர்தௌஸால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"இன்னைக்கு ஓடுனா அந்தக் கால் இனி இல்ல. டாக்டர் சொன்னதை நானும் கேட்டேன். போவாதீங்க."

ஹாதி தட்டைத் தள்ளினான். "நான் ஓடக்கூடாதுன்னுதானே கொண்டுபோய்க் கொடுத்தே? உன் வீட்டு வாசல்ல ஒரு மொண்டி மாப்பிள்ளையை உக்காரவச்சு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டணும்... அதுதானே உனக்கு ஆசை?"

நஸீஹா புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். நூஹு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். ஒரு கவளம்கூட வாய்க்குப் போகவில்லை.

"பரீட்சை முடியட்டும், அதுக்கப்புறம் ரெண்டு பேரும் ஊருக்குப் போங்க," என்றான் ஹாதி. "நான் கேம்ப்ல இருந்துக்கிறேன். காட்டிக்கொடுத்தவ கூட எனக்கு ஒரு வீடு வேணாம்."

அப்போதும் அவள் படம் எப்படிப் போனதென்று சொல்லவில்லை. "சரி," என்றாள். "நீங்க ஓடாம இருந்தாப் போதும். நான் இன்னைக்கே போகச் சொன்னாலும் போறேன்." அறைக்குள் போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். புடவைகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். கண்ணீர் அதுபாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

பெட்டி இழுபடும் சத்தம் கேட்டதும் நூஹு எச்சில் கையோடு எழுந்தான்.

"மச்சி இல்ல காக்கா. நான்தான் கொடுத்தேன்."

ஷம்சியா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். அவன் கையை உதறினான். மீரா சாகிப் பார்சலைப் பிரித்தபோது படத்தையும், மச்சி எழுதிய சீட்டையும் பார்த்ததாகச் சொன்னான். படத்தோடு இருந்த டாக்டர் காகிதத்தைப் படித்ததும் பயந்து போனானாம். காக்கா ஊசி போட்டுக்கொண்டாவது ஆடுவார், யார் சொன்னாலும் கேட்கமாட்டார். சின்ன முதலாளிக்குத் தெரிந்தால் கம்பெனியிலேயே ஆபரேஷன் செய்துவைப்பார் என்று நம்பி, பார்சலின் பாரத்தைக் குறைக்கிற சாக்கில் படத்தை உருவிக்கொண்டானாம். அவர் ஓடிக்காட்டச் சொல்வார் என்று யார் கண்டது?

ஹாதி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு முதன்முதலில் பந்து தட்டக் கற்றுக்கொடுத்தவன், விசா எடுத்துக் கூட்டி வந்தவன், எல்லாம் ஹாதிதான்.

"எனக்காக மட்டும்தான் செஞ்சியா நூஹு? என் இடத்து மேல ஆசையே இல்லையா?"

நூஹு தலையைக் குனிந்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராலும் பொய்யென்று நிரூபித்திருக்க முடியாது.

"அதுவும் கொஞ்சம் இருந்துச்சு காக்கா."

ஹாதி கையை ஓங்கிக்கொண்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் கால் மடங்கியது. தரையில் விரித்திருந்த சாப்பாட்டுத் துப்பட்டியில் சாயப்போனவனை ஓடிவந்து தாங்கியது ஃபிர்தௌஸ்தான்.

"அடிக்காதீங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா?" அவன் குரல் உடைந்தது. "தெரிஞ்சுமா இத்தனை பேச்சையும் கேட்டுக்கிட்டு இருந்தே?"

"படத்தை உங்களுக்குத் தெரியாம எடுத்தது நான்தானே. பாதிப் பழி என்னுது. மீதியையும் நானே சுமந்துட்டா என்ன?" அவள் மூச்சு வாங்கினாள். "என் மேல உள்ள கோவம் நாலு நாள்ல தீந்துடும். தம்பி மேல வந்தா தீராது. நீங்க சொந்த பந்தம்னு சொல்லிக்க இந்த ஊர்ல வேற யாரு இருக்கா?"

ஹாதி அவள் தோளில் முகத்தை வைத்து அழுதான். மகள் பார்க்கிறாள், தம்பி மனைவி பார்க்கிறாள் என்பதெல்லாம் அவனுக்கு அப்போது இல்லை. மூன்று மாதமாக முழங்காலை மறைத்து மறைத்து, வலிக்கும்போதெல்லாம் சிரித்துச் சிரித்துச் சேர்த்து வைத்திருந்த அழுகை அது. ஷம்சியா அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து ஃபிர்தௌஸின் கையைப் பிடித்தாள். மன்னிப்பு என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. கையை மட்டும் விடவே இல்லை.

மூன்று மணி ஆனது. ஊசிக்கு யாரும் போகவில்லை. மூன்றரைக்கு டீம் வண்டி கீழே ஹாரன் அடித்தது. நூஹு நகரவே இல்லை; இனி அந்த கிரவுண்டில் கால் வைக்கமாட்டேன் என்றான். ஹாதி அவன் பூட்ஸை எடுத்து அவன் மடியில் போட்டான்.

"போய் ஆடு. திருடி எடுத்த இடம்னு யாரும் சொல்லிடாத மாதிரி ஆடு."

அவனை அனுப்பிவிட்டு மனைவியைப் பார்த்தான். நீயும் என்னோடு வா என்றான். பன்னிரண்டு வருடத்தில் அவள் ஒரு போட்டிகூடப் பார்த்ததில்லை. ஆண்கள் கூடும் இடம் அது. ஃபிர்தௌஸ் எதுவும் கேட்காமல் அபாயா அங்கியைப் போட்டுக்கொண்டாள். நான்கு மாடியையும் அவள் தோளைப் பிடித்தபடி ஹாதி இறங்கினான். இதுவரை வலியே இல்லாதவன்போல் கைப்பிடியைக்கூடத் தொடாமல் இறங்கிக்கொண்டிருந்தவன். கிரவுண்டில் டாக்சியை விட்டு இறங்கியபோதும் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. டீம் முழுக்கப் பார்த்தது. மைதானக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஃபிர்தௌஸ் நின்றுகொண்டாள். அவன் மட்டும் நொண்டிக்கொண்டு சின்ன முதலாளி உட்கார்ந்திருந்த நாற்காலிவரை போனான். தூரத்தில் நின்றவளுக்குப் பேச்சு கேட்கவில்லை. அவர் எழுந்து நிற்பதும், அவன் முழங்காலைத் தொட்டுக் காட்டுவதும், அவர் தலையை ஆட்டுவதும் மட்டும் தெரிந்தன.

திரும்பி வந்தவன் விவரம் சொன்னான். சுளுக்கு என்று பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு, இனி ஓட முடியாது என்றும் சொல்லிவிட்டானாம். பிள்ளையின் பரீட்சை முடியும்வரை இகாமாவை நீட்டித்துத் தருகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார். ஏப்ரலில் கணக்கை முடித்து அனுப்பிவிடுவார். ஆபரேஷன் ஊரில்தான். மைதானத்தின் நடுவே, ஹாதி எப்போதும் நிற்கும் இடத்தில், நூஹு நின்றுகொண்டிருந்தான். முதல் பந்து அவன் காலுக்கு வந்தது. ஹாதி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டாக்சிக்காக ரோட்டோரம் நின்றபோது மெதுவாகக் கேட்டான். சம்பளம் கிடையாது, நடக்கவும் முடியாது, ஊரில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் வீட்டில் போய் உட்காருவது என்று. கேட்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃபிர்தௌஸ் அபாயாவின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தாள். அப்புறம் பல மாதங்களுக்குப் பிறகு முதல்தடவையாகச் சிரித்தாள்.

"பன்னெண்டு வருசமா நான் உங்க விசாவுல இருந்தேன். ஒரு நாளாவது அதைச் சொல்லிக்காட்டுனீங்களா? இனிமே நீங்க என் விசாவுல இருங்க."

டாக்சி வந்து நின்றது. அவன் முன் சீட்டுக்குப் போகாமல், நீட்டிய காலோடு பின்னால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.